ரயில் பக்கத்து வகுப்பறை

நியூயார்க் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகளுக்கு வெகு அருகில் மேம்பால ரயில் பாதை. சில நிமிஷத்துக்கு ஒரு ரயில் தடதடவென்று போகும். டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். ரயில் போனதும் மறுபடி ஆரம்பிப்பார். மறுபக்கத்து வகுப்பறைகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஆர்லீன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியல் பேராசிரியை, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் ஒப்பிட்டு 1975-இல் எழுதினார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது, ரயில் பக்கத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வருஷம் பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம். சத்தம்தான் வேறு.

அப்புறம் தண்டவாளத்தில் ரப்பர் பட்டை வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை பதித்தார்கள். பிறகு சோதித்தால், இரண்டு பக்கமும் சமம்! சத்தம் குறைந்தது, படிப்பு ஏறியது.

ஒரு பிள்ளையை மக்கு என்று சொல்லும் முன்னால், அது படிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டாமா? உங்கள் வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருக்கிறதா? ஹாலில் சீரியல் ஓடும்போது அது எங்கே உட்கார்ந்து படிக்கிறது? இன்று சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை டிவியை அணைத்து வையுங்கள்.