ஓர் ஊர், இரு மரக்கால்



அமெரிக்க நாட்டின் ஆர்க்கன்சா மாநிலத் தலைநகர் இலிட்டில் இராக். அங்கே 1927-இல் வெள்ளையர்க்கென எழுந்த நடுவண் உயர்நிலைப் பள்ளிக்குச் செலவு 15 இலக்கம் டாலர். 1929-இல் கறுப்பர்க்கென எழுந்த டன்பார் உயர்நிலைப் பள்ளிக்கோ 4 இலக்கமே! அதன் மாணவர் கையில் தவழ்ந்தவை வெள்ளை மாணவர் கழித்த பழைய நூல்கள்! ஊர் ஒன்று, பள்ளிக்குழுவும் ஒன்று, அளந்த மரக்கால்தான் இரண்டு.

நிறத்தால் பிரித்த பள்ளிகள் இணையாகா என 1954-இல் அந்நாட்டு உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர் நடுவண் பள்ளியுள் புகக் கூட்டரசின் படைக்காவல் வேண்டியிருந்தது.

பள்ளிகளை ஒப்பிடுவோர் மாணவர் பெற்ற மதிப்பெண்ணை எண்ணுவர். பள்ளி பெற்ற பொருளை எண்ணுவார் யார்? இட்டதை அளவாது விளைந்ததை மட்டும் அளத்தல் நடுவுநிலையாகுமா? ஒரே மரக்காலால் அளந்து கொடுங்கள், பின்னர் ஒப்பிடுங்கள். அதுவே அறம்!