எல்லாரும் ஒன்றல்ல



மதுரை மாநகராட்சியின் சொத்து வரி ஊழலைப் பற்றி இந்த வில்லாபுரத்து மேடையில் பேசச் சொன்னார்கள். ஒண்டிக் குடித்தன வீடு வைத்திருக்கிறவர் ஒரு அரையாண்டு வரி பாக்கி வைத்தால் நோட்டீஸ் வாசலுக்கு வந்துவிடுகிறது. பெரிய பெரிய வணிகக் கட்டடங்களுக்கோ, அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் போட்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே வரியைக் குறைத்திருக்கிறார்கள்! 2024-ல் மாநகராட்சி ஆணையரே போலீசில் புகார் கொடுத்தார். 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் ராஜினாமா. ஆகஸ்டில் மேயரின் கணவர் கைது. அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். 150 கோடி என்கிறார்கள், 200 கோடி என்கிறார்கள். யார் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லட்டும், நான் முந்திக்கொள்ள மாட்டேன்.

ஆனால் டீக்கடையில் ஒரு பேச்சு நடக்கிறதே, அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. "எவன் வந்தாலும் இப்படித்தான்யா, எல்லாப் பயலும் ஒண்ணுதான்." இதைக் கேட்டு யாருக்குச் சந்தோஷம்? திருடினவனுக்கு! ஊரே திருடர் கூட்டம் என்று முடிவு கட்டிவிட்டால், அவன் ஒருத்தனைப் பார்த்து எவன் கைநீட்டப் போகிறான்?

வேறு எந்த ஊர்க்காரனும் சொல்லிவிட்டுப் போகட்டும். வில்லாபுரத்துக்காரன் அதைச் சொல்லலாமா? அம்மா, நீங்கள் தலையாட்டுகிறீர்கள், உங்களுக்குத் தெரிகிறது நான் யாரைச் சொல்ல வருகிறேன் என்று.

1996-ல் இந்த வில்லாபுரம் ஒரு கைத்தறி நெசவாளிப் பெண்ணைக் கவுன்சிலராக்கியது. மார்க்சிஸ்ட் கட்சி, மாதர் சங்கம். அன்றைக்கு இங்கே தண்ணீருக்கு என்ன பாடு! லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விற்றவர்களுக்கு அது கொழுத்த வியாபாரம். குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வியாபாரம் படுத்துவிடும். அந்த அம்மா குழாய்த் தண்ணீருக்காகப் போராடினார், விடவே இல்லை. 1997 ஏப்ரல் 23. கடைக்குப் போன இடத்தில், இதே வில்லாபுரத்தில், பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கை தட்டாதீர்கள் அய்யா, இது கை தட்டுகிற இடம் இல்லை. லீலாவதி என்ற அந்தப் பெயரை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

கொன்றவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008-ல் அண்ணா நூற்றாண்டு என்று சொல்லி அவர்களை முன்கூட்டியே திறந்து விட்டார்கள். மக்களுக்கு நம்பிக்கை எப்படி இருக்கும்? அடுத்த ஆண்டு ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல். ஓட்டுக்காக வீடு வீடாகப் பணம் போனது, கவரில் போனது. "திருமங்கலம் ஃபார்முலா" என்று டெல்லிக்காரன் வரைக்கும் நம் மதுரை மண்ணின் பெயரைச் சொல்கிறானே, இந்த அவமானத்தை எங்கே போய்க் கழுவுவது?

இன்றைக்குச் சிலர் ஊழலை ஒழிக்கப் போவதாக மைக் பிடிக்கிறார்கள். 2012-ல் ஆட்சியில் இருந்தவர்கள்தான். அவர்களைக் கேட்கிறேன். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக மலையை அறுத்து விற்றார்களே, 16,000 கோடிக்கு மேல் நஷ்டம் என்று 2012 மே மாதம் கலெக்டர் சகாயம் அரசுக்கு எழுதினாரே, அதே மாதம் அவரை மாற்றிவிட்டீர்களே! அன்றைக்கு உங்கள் மைக் எங்கே போனது? மலை போனபோது வாய் திறக்காதவர்கள் வரிக் கணக்குக் கேட்க வருகிறீர்களா? கேளுங்கள், நல்லது. உங்கள் கணக்கையும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேளுங்கள்!

பேச வந்தது விட்டுப்போனது, மன்னியுங்கள். லீலாவதி அம்மாவிடமே வருகிறேன். அவர் கையில் அதிகாரம் என்று என்ன இருந்தது? ஒரே ஒரு கவுன்சிலர் பதவி. அதே பதவிதான் இன்றைக்கு நூறு பேரிடம் இந்த மாநகராட்சியில் இருக்கிறது. அந்த நூறு பேரிடமும் நாம் கேட்டால் என்ன?

2022-ல் விதி போட்டிருக்கிறார்கள்: வார்டு குழு உண்டு, பகுதி சபா உண்டு. அடுத்த பகுதி சபாவில் எழுந்து நின்று கேளுங்கள். இந்த வார்டில் ஒவ்வொரு வணிகக் கட்டடமும் எத்தனை சதுர அடி, கட்டுகிற வரி எவ்வளவு? அதைப் பெயரோடு எழுதி வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், மேடைக்கு இடதுபக்கம் மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வாருங்கள், தம்பிகள் பேனா எடுத்துக் கொடுங்கள்.