பட்டாக்கத்தியும் பின்னணி இசையும்



2018 பிப்ரவரி 6-ஆம் தேதி இரவு. பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு லாரி ஷெட். பல வழக்குகளில் தேடப்பட்டுவந்த ரவுடி ஒருவருக்குப் பிறந்தநாள். பெரிய அரிவாளால் கேக் வெட்டினார். போலீஸ் சுற்றிவளைத்து, விருந்துக்கு வந்திருந்த 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. பிறந்தநாள்காரர் மட்டும் தப்பிவிட்டார். பெயரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன்.

சில நாட்களில் அவரே வந்து சரணடைந்தார். பிறகு ஒரு காணொளி வெளியானது. ‘நான் அப்படியொன்றும் பெரிய ரவுடி இல்லை, சர்க்கரை நோயாளி’ என்கிற தோரணையில் பேசினார். ஊரே சிரித்தது, மீம்ஸ் போட்டது. ஆனால் இளைஞர்கள் எதைப் பார்த்து நகலெடுத்தார்கள்? அந்தப் பேச்சை இல்லை, அரிவாளையும் கேக்கையும். பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டுக் கைதானவர்கள் பற்றிய செய்தி அதன் பிறகு ஊர் ஊராக வந்துகொண்டே இருந்தது. 2021 ஜனவரியில் நடிகர் விஜய் சேதுபதி படக்குழுவினரோடு வாளால் கேக் வெட்டிய படம் வெளியாகி, அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

குற்றவாளியின் கதையைக் கேட்கும் ஆசை நமக்குப் புதிதில்லை. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-இல் பத்திரிகைக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. 1995-இல் சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கதையைப் பரபரப்புக்காகப் படித்தவர்களும் உண்டு, ஒத்துக்கொள்வோம். ஆனாலும் அவருக்குத் துணைபோன பெரிய இடத்து ஆட்கள் யார் என்கிற கேள்வி அதில் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்க ஓர் ஆசிரியரும் இருந்தார்.

இன்று எடிட் செய்வது ரவுடியின் ஆட்களே, இல்லையென்றால் அவரை நேரில் பார்த்தேயிராத ஒரு ப்ளஸ் டூ மாணவன். கோர்ட் வாசலில் போலீஸ் வேனிலிருந்து இறங்கும் சில விநாடிகள் போதும். அதை மெதுவாக ஓடவிட்டு, சினிமா பி.ஜி.எம். சேர்த்து, ‘அண்ணன் கெத்து’ என்று எழுதிவிட்டால் ரீல்ஸ் தயார். சாதிக் கொடியின் நிறத்தையும் பூசிவிட்டால் இன்னும் வேகமாகப் பரவும். எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்பதுதான் செயலிக்குக் கணக்கு. திட்டிக்கொண்டே பார்த்தவரும் அதில் ஒருவர். ‘அக்கிரமத்தைப் பாருங்கள்’ என்று குடும்பக் குழுவில் அனுப்பும் பெரியப்பாவும் அந்த ஆளுக்கு விளம்பரம்தான் செய்கிறார்.

இதைத் தெரிந்தே பயன்படுத்திய ஒருவன் நியூசிலாந்தில் இருந்தான். 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் நகரம். இரண்டு மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதை முகநூலில் நேரலையாகவும் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக முகநூல் நிறுவனமே சொன்னது. அவற்றில் 12 லட்சம், மக்கள் பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டவை. அத்தனை கைகள் அதை ஏற்றத் துடித்திருக்கின்றன! அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன், அவன் பெயரைத் தன் வாயால் ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். விசாரணையில் அவன் கொள்கைப் பிரசாரத்துக்கு இடம் தருவதில்லை என்று அந்நாட்டின் முக்கிய ஊடகங்கள் கூடி முடிவெடுத்தன. போட்டி போடும் நிறுவனங்கள் இப்படி ஒன்றுகூடியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2020 ஆகஸ்டில் தண்டனையை முடிவுசெய்ய நீதிமன்றம் நான்கு நாள் கூடியது. உயிர் தப்பியவர்களும் பிள்ளையை, கணவனை, தகப்பனைப் பறிகொடுத்தவர்களுமாக 80-க்கும் மேற்பட்டோர் அவனுக்கு எதிரே நின்று, தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னார்கள். அவன் எதுவும் பேசவில்லை. பரோலே இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நம்மூர் ரீல்ஸ்களில், வெட்டுப்பட்டவர் வீட்டார் பேசி நான் இதுவரை ஒன்றுகூடப் பார்க்கவில்லை.