முடிவுள்ள ஆட்டங்கள்

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே வீடெல்லாம் தேடும் பாட்டியாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சுற்றியிருப்பவர்கள் வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் உடனே சொல்லிவிட மாட்டார்கள். தேடுகிறவர் தாமே கண்டுகொள்ளும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் காணவேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த மலர்ச்சியையே முதலாக வைத்துக் கணிப்பொறியில் ஓர் ஆட்ட வகை பிறந்தது. சில ஆண்டுகள் செழித்தது. இப்போது மெலிந்து வருகிறது. அதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். தேர்வுக்கு வராத செய்தி என்று மாணவ நண்பர்கள் வானொலியை மூடிவிட வேண்டா.

ஆட்டம் எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு படம் தோன்றுகிறது. பாழடைந்த மாளிகையின் நூலக அறை என்று வைத்துக்கொள்வோம். மேசையிலும் அலமாரியிலும் தரையிலும் எண்ணற்ற பொருள்கள் இறைந்து கிடக்கின்றன. படத்தின் அடியில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. கடிகாரம், மயிலிறகு, கத்தரிக்கோல் என்று அதில் கண்ட பொருள் ஒவ்வொன்றையும் தேடிச் சுட்டினால், அந்தச் சொல் பட்டியலிலிருந்து நீங்கும். எல்லாம் நீங்கியபின் ஒரே ஒரு பொருள் நம் கைக்கு வரும். துருப்பிடித்த சாவியாக இருக்கலாம், எண்ணெய்க் குப்பியாக இருக்கலாம். அதைக்கொண்டு அடுத்த கதவைத் திறக்கவேண்டும். அந்தக் கதவின் பூட்டோ ஒரு புதிர். அதை அவிழ்த்தால் கதை ஓரடி முன்னே செல்லும். எவ்வளவு தேடியும் அகப்படாத பொருளைக் காட்டித் தருவதற்கு ஒரு பொத்தான் உண்டு. பொறுமையிழந்து கண்டபடி சுட்டினால், பல ஆட்டங்களில் சுட்டி சிறிது நேரம் நம் சொற்படி கேளாது. வகுப்பில் ஊகத்தால் விடை சொல்லும் மாணவனைச் சற்று நிற்க வைப்பதைப் போன்ற தண்டனைதான் இது.

படத்துக்குள் ஒன்றை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது பழைய வழக்கம். மரக்கிளைகளுக்கிடையே மறைந்திருக்கும் வேடனைச் சிறுவர் இதழ்களில் நாமும் தேடியிருக்கிறோம். இங்கிலாந்தில் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் என்னும் ஓவியர், பெருங்கூட்டத்தினிடையே வாலி என்னும் ஒருவனை ஒளித்து 1987இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் ஜீன் மார்சோலோ எழுதிய சொற்களோடும் வால்டர் விக் எடுத்த நிழற்படங்களோடும் 1992இல் 'ஐ ஸ்பை' நூல்வரிசை தொடங்கியது. இவற்றைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்து பெருவணிகமாக்கியவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது, சியாட்டில் நகரத்துப் பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம். 2005இல் அது வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹண்ட்ஸ்வில்' என்னும் ஆட்டத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, குற்றங்களைத் துப்பறிவதாக ஒரு பாவனை மட்டுமே உண்டு. மறு ஆண்டே வந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' ஒரு மாளிகையையும், எம்மா என்னும் பெண்ணின் துயரத்தையும், அவள் எழுதிய நாட்குறிப்பின் ஏடுகளையும் கொண்டுவந்தது. 2008இல் வெளியான அதன் தொடர்ச்சியில், ஆடுகிறவர் அறைக்கு அறை தாமே நடந்து செல்லும் வசதியும் சேர்ந்தது. தேடலும் புதிரும் பயணமும் மூன்றிழையாக முறுக்குண்டு, இன்று நாம் பேசும் ஆட்ட வகை அவ்வாறுதான் முழு உருப்பெற்றது.

இந்த ஆட்டம் எனக்கு அறிமுகமானது என் தமக்கையார் வழியாக. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2009இல் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கலாகாது என்று மருத்துவர் கட்டளையிட்டிருந்தார். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கி வைத்திருந்தவருக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது எத்தகைய வேதனை! பொழுதுபோகட்டும் என்று என் மடிக்கணிப்பொறியில் ரேவன்ஹர்ஸ்ட் வரிசையின் ஆட்டம் ஒன்றை இறக்கித் தந்தேன். முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதன்பின் விலை கொடுக்கவேண்டும். மணி முடிந்து திரை மூடியதும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இன்று எனக்குத் தூக்கம் வராது" என்றார். விலை ஏழு டாலர். அன்றைய மதிப்பில் 350 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அதன்பின் ஒரு காசு கேட்கவில்லை அந்த ஆட்டம்.

அவர் தலையணைக்கடியில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். பொருளறியாத ஆங்கிலச் சொற்களை அதில் எழுதி அகராதி பார்ப்பார். தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உலோக உறைக்குத் திம்பிள் என்று பெயர் என்பதையும், கடலோடிகள் கோணம் அளக்கும் கருவிக்குச் செக்ஸ்டன்ட் என்று பெயர் என்பதையும் நான் அவரிடமிருந்துதான் கற்றேன். இதில் ஒரு குறும்பும் உண்டு. பட்டியலில் 'பேட்' என்று இருந்தால் பந்தடிக்கும் மட்டையைத் தேடுவதா, வௌவாலைத் தேடுவதா? 'நெயில்' என்றால் ஆணியா, நகமா? சொல்லைத் தந்து பொருளை மறைக்கும் விளையாட்டு இது. தமிழில் இத்தகைய ஆட்டம் அமைப்பவருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. 'படி' என்று எழுதிவிட்டால், நெல்லளக்கும் படியைத் தேடுவதா, மாடிப்படியைத் தேடுவதா? சிலேடை பாடிய புலவர்கள் இருந்திருந்தால் இதில் புகுந்து விளையாடியிருப்பார்கள்.

நாளொன்றுக்கு ஒரு புதிய ஆட்டம் என்பதே அந்நாளில் பிக் ஃபிஷ் நிறுவனத்தின் விளம்பர வாசகம். தேடல் ஆட்டங்களை மட்டும் குறித்ததன்று அது. எனினும் அவற்றுக்கு அங்கே தனி மதிப்பு இருந்தது. போலந்தின் சப்ஷே நகரத்தில் 2006இல் தொடங்கிய ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி, ரஷ்யாவில் யோஷ்கர் ஓலா நகரத்து எலிஃபன்ட் கேம்ஸ், செர்பியாவின் மேட் ஹெட் கேம்ஸ் எனக் கிழக்கு ஐரோப்பாவின் ஓவியர்களும் கதையாசிரியர்களும் இத்தொழிலில் திரண்டார்கள். ஆடியவர்களுள் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் மிகுதி. துப்பாக்கியும் பந்தயக் காரும் வேண்டாதவர்களுக்குக் கணிப்பொறியில் ஓரிடம் கிடைத்தது என்பதை நான் பெரிதாகவே எண்ணுகிறேன்.

இனி, மெலிவுக்கு வருவோம். பழியில் ஒரு பங்கு அந்த ஆட்டங்களையே சாரும். ஒன்று வெற்றிபெற்றால் அதைப்போல் நூறு செய்வது வணிகத்தின் இயல்பு. எந்தக் கதையை எடுத்தாலும் யாரோ ஒருவர் கடத்தப்பட்டிருப்பார். எந்தக் கதவை அணுகினாலும் அதில் பதிக்கவேண்டிய சின்னம் மூன்று துண்டாக உடைந்து மூன்று அறைகளில் கிடக்கும். தம் வீட்டுக் கதவை நாள்தோறும் இப்படியா திறந்துகொண்டிருந்தார்கள் என்று அக்காவே சிரிப்பார். விலையும் வீழ்ந்தது. இருபது டாலருக்கு விற்ற இத்தகைய ஆட்டங்கள், போட்டியால் பத்து, ஏழு என்று இறங்கின. ஒரு குழு பல மாதம் உழைத்து, ஓவியம் தீட்டி, குரல் கொடுக்க நடிகர்களை அமர்த்தி உருவாக்கியதை, பழகியவர் ஐந்தாறு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடுவார். பிறகு, அடுத்தது எங்கே என்பார்.

ஆயினும் பெரிய மாற்றம் வந்தது கைப்பேசியால். ஆப்பிள் நிறுவனம் 2008இல் தன் கைப்பேசிக்கு மென்பொருள் அங்காடியைத் திறந்தது. இலவசமாகத் தரும் மென்பொருளுக்குள்ளேயே பொருள் விற்கலாம் என்று 2009இல் அனுமதித்தது. நுழைவுக்குக் காசில்லை, உள்ளே சென்றபின் அடிக்கு அடி காசு என்னும் வாணிபம் ஓங்கியது. ஸ்வீடன் நாட்டு ஜி5 நிறுவனத்தின் 'ஹிடன் சிட்டி' 2014இலும், பெர்லின் நகரத்து வூகா நிறுவனத்தின் 'ஜூன்ஸ் ஜர்னி' 2017இலும் வந்தன. பின்னதை எடுத்துக்கொள்வோம். 1920களில் நடக்கும் கதை. ஜூன் என்னும் பெண் தன் சகோதரியின் சாவைத் துப்பறிகிறாள். படங்களின் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு காட்சிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் 'ஆற்றல்' என்று ஓர் அளவு செலவாகும். அது தீர்ந்தால் மீண்டும் ஊறும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்து வாங்கலாம். அடுத்த காட்சி திறப்பதற்கு, கண்ட காட்சியையே திரும்பத் திரும்ப ஆடி நட்சத்திரங்கள் சேர்க்கவேண்டும். புதிய அத்தியாயங்கள் வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பொருள் தேடும் ஆட்டம் அழிந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். இன்றும் எத்தனையோ பேர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருமுறை விலைகொடுத்து வாங்கி, கடைசிக் கதவு வரை சென்று, எம்மா என்னவானாள் என்று அறிந்து மூடிவைக்கும் ஆட்டமே குறைந்து வருகிறது. நாவலின் கடைசிப் பக்கம் போன்ற ஒரு முடிவு அதில் இருந்தது. இலவச ஆட்டத்துக்கு முடிவு வந்தால் வருவாய் நின்றுவிடும்; அதனால் அதன் ஆசிரியர்கள் முடிவெழுத இயலாதவர்களாகிறார்கள். அவர்களை நான் பழிக்கவில்லை. தொடர்ந்து ஊதியம் பெறும் ஓவியருக்கு அது நல்ல வேலை. காசே கொடுக்காமல் பொறுமையோடு ஆடுவோரும் பலர். ஆனால் கதை கேட்பவனுக்கு நேரும் இழப்பை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

நிறுவனங்கள் சென்ற திசையும் இதையே காட்டும். பிக் ஃபிஷ் நிறுவனத்தை 2014இல் வாங்க முன்வந்தது, கென்டக்கி குதிரைப் பந்தயத்தை நடத்தும் சர்ச்சில் டவுன்ஸ். பேசிய விலை 885 மில்லியன் டாலர் வரை. 2018இல் அது சூதாட்டப் பொறிகள் செய்யும் ஆஸ்திரேலிய நிறுவனமான அரிஸ்டோக்ராட்டின் கைக்கு மாறியது. விலை 990 மில்லியன். எம்மாவின் நாட்குறிப்புக்காகவா இவ்வளவு பணம் கொடுத்தார்கள்? மேட் ஹெட் கேம்ஸ் 2023இல் 'ஸ்கார்ஸ் அபவ்' என்னும் விண்வெளிப் போராட்டத்தை வெளியிட்டது. ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டியும் இலவச ஆட்டங்களின் பக்கம் திரும்பியது. புதிய ஆட்டங்கள் இன்னும் வருகின்றன. நாளொன்றுக்கு ஒன்று என்று சொல்லும் காலந்தான் போயிற்று.

பழையவற்றையாவது ஆடலாம் அல்லவா என்று கேட்பீர்கள். அச்சுப் புத்தகத்தைக் கரையான் அரிக்கும். கணிப்பொறி ஆட்டத்தை முன்னேற்றம் அரிக்கிறது. ஆப்பிள் கைப்பேசிகளில் 2017இலும், அதன் கணிப்பொறிகளில் 2019இலும் 32 பிட் அமைப்பிலான மென்பொருள்கள் இயங்குவது நின்றது. ஃபிளாஷ் என்னும் கருவிக்கான ஆதரவு 2020 டிசம்பர் இறுதியோடு முடிந்தது. அதை நம்பி வலையில் ஓடிய சிறு ஆட்டங்கள் எண்ணிலடங்கா.

அக்காவுக்குக் கைப்பேசியில் இலவச ஆட்டம் ஒன்றை ஒரு பொங்கல் விடுமுறையில் என் மகள் இறக்கித் தந்தாள். பத்து நாள் ஆடினார். பிறகு, "இது எப்போது முடியும் அம்மா?" என்று அவளைக் கேட்டார். முடியாது அத்தை, போய்க்கொண்டே இருக்கும் என்றாள் அவள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் பழைய மடிக்கணிப்பொறி இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. அதன் மின்கலம் செத்துப் பல ஆண்டுகளாயின. மின்சாரக் கம்பி சுவரில் இருந்தால்தான் உயிர். மழைக்காலத்தில் ஒருமுறை அதைத் திறந்து, அந்த மாளிகைக்குள் நுழைந்து, கடைசிக் கதவு வரை போய் வருவார். சென்ற கார்த்திகையில் நான் அருகில் உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் ஒரு சொல் மிஞ்சியிருந்தது. பொருள் அலமாரியின் மேல்தட்டில் இருப்பது என் கண்ணில் பட்டுவிட்டது. வாயைத் திறந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொல்லாதே" என்றார்.