பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் உறையும் ஆபத்து

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயமும் தமிழும் பேசப்படும் இம்மேடையில் விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் சிலர் புன்னகை செய்வதைக் காண்கின்றோம். ஆயினும் நம் புலவர்கள் பிள்ளையின் விளையாட்டைச் சிறு காரியமாக எண்ணியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைப் பாட வந்த பட்டினப்பாலை, அங்குள்ள சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரையும் சொல்லாமல் விடவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியோர் இன்னும் நுட்பமானவர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவங்களை வகுத்து, சிறுபறை கொட்டுவதையும் சிறுதேர் உருட்டுவதையும் கடைசிப் பருவங்களுக்கே வைத்தனர். தவழும் பிள்ளையின் கையிற் பறைக்கோலைக் கொடுக்க அவர்கள் துணியவில்லை. எந்தப் பொருள் எந்த வயதுக்கு என்ற கேள்வி மேல்நாட்டார் வந்து சொல்லித்தந்த கேள்வியன்று.

ஆனால் அதற்கு முன்னே மற்றொரு கேள்வி உண்டு. விளையாட்டுச் சாமான் என்பது எது? கடைக்காரர் அப்பெயரிட்டு விற்பதா? அன்று. பிள்ளை எதை எடுத்து விளையாடுகின்றதோ அதுவே விளையாட்டுச் சாமான். செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்பது பிள்ளைக்குத் தெரியாது. முல்லைத்தீவிற் பிள்ளை வளர்ப்போர் இதனை மறத்தல் ஆகாது என்பதே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

முதலிற் கடைச் சாமானையே பார்ப்போம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதிக்குப் போகாத குடும்பம் நம் பகுதியில் அரிது. பொங்கல் முடிந்து திரும்பும் தாய், கடைகளின் நடுவே அழும் பிள்ளையின் கையில் ஏதேனும் ஒன்றை வாங்கிக் கொடுத்தே வீடு சேர்கின்றாள். அவளைக் குறை கூற நாம் வரவில்லை. கையிலுள்ள காசுக்கு எது கிடைக்குமோ அதைத்தான் அவள் வாங்க முடியும். பொருளை இறக்குமதி செய்தவர் பார்த்திருக்க வேண்டியதை அவள் பார்க்க வேண்டியிருக்கின்றது என்பதே வருத்தம்.

அவள் பார்க்கத்தக்கவை சில உள. பெட்டியின் மேல் ஒரு சிறு முகமும் 0-3 என்ற இலக்கமும் எழுதி, சிவப்பு வட்டமிட்டுக் குறுக்கே கோடு இழுத்திருந்தால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது ஆகாது என்பது பொருள். பிள்ளை கெட்டிக்காரியாயினும் இதற்கு விலக்கில்லை. அறிவைக் குறித்த எச்சரிக்கையன்று அது, தொண்டையைக் குறித்தது. அவ்வயதிற் பிள்ளை எதனையும் வாயினாலேயே ஆராய்கின்றது. மேல்நாடுகளில் இதற்கென ஓர் அளவுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் குறுக்களவு 31.7 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். அதற்குள் முழுவதும் அடங்கும் எப்பொருளும் சிறு பிள்ளையின் மூச்சை அடைக்கக்கூடும் என்று கொள்கிறார்கள். ஒரு மட்டையில் ஒன்றேகால் அங்குல வட்டம் வெட்டிக்கொண்டால், குழாயின் முழு வேலையையும் அது செய்யாவிடினும், பாவைப்பிள்ளையின் கண்ணையும் காரின் சில்லையும் வீட்டிலேயே ஓரளவு அளந்து பார்க்கலாம். அளப்பதற்கு முன் அவற்றைப் பலமாக இழுத்தும் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் வரையில் அது கண். கழன்றுவிட்டால் அது விக்கினம்.

பலூனை யாரும் ஆபத்தென்று நினைப்பதில்லை. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவோ, பிள்ளைகளுக்கான பொருள்களுள் மூச்சடைத்துச் சாவதற்கு முதற் காரணம் பலூனே என்கின்றது. உடைந்த பலூனின் துண்டு மூச்சுக்குழாயின் வாயிலில் தோல்போல் ஒட்டிக்கொள்ளும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஊதாத பலூனை வாயில் வைத்தலாகாது. உடைந்தால் துண்டுகளை அக்கணமே பொறுக்கிவிட வேண்டும்.

இன்னொன்று மணிக்கூட்டுப் பற்றரி. மின்னும் மோதிரம், பாடும் பாவை, ஒளிரும் பம்பரம் எல்லாவற்றுள்ளும் அது இருக்கின்றது. பிள்ளை அதனை விழுங்கி, அது உணவுக்குழாயிற் சிக்கிக்கொண்டால், உள்ளிருக்கும் மருந்து ஒழுகுவதனால் மட்டுமே தீங்கு வருமென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஈரத் தசையிற் பட்டவுடன் மின்சாரம் ஓடத் தொடங்கி, அவ்விடத்திலேயே காரத்தை உண்டாக்குகின்றது. இரண்டு மணி நேரத்திற் குழாய் வெந்து புண்ணாகிவிடும். 20 மில்லிமீற்றர் அகலமுள்ள மூன்று வோல்ற்றுப் பற்றரியே மிகப் பொல்லாதது. ஆகவே பற்றரி அறையின் மூடியைச் சிறு ஆணி பூட்டியிருக்கின்றதா, நகத்தாலேயே திறக்கின்றதா என்று வாங்குமிடத்திலேயே பாருங்கள். நகத்தாற் திறப்பதை வாங்க வேண்டாம்.

விழுங்கிவிட்டாற் செய்வதென்ன? வாந்தி எடுக்கச் செய்தலாகாது. சோறோ தண்ணீரோ கொடுத்தலாகாது. ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளாயின், பத்து நிமிடத்துக்கொரு முறை இரண்டு தேக்கரண்டி தேனை, ஆறு தடவைக்கு மேற்படாமற் கொடுக்கலாம் என்று இன்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். தேன் அக்காரத்தின் வேகத்தைத் தணிக்கின்றது. நமது வன்னிக் காட்டுத் தேனுக்கு இப்படியும் ஒரு பெருமை! ஆனால் தேனைத் தேடி நேரம் போக்காமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைத்தோ, கிடைத்த வாகனத்திலோ மாஞ்சோலை வைத்தியசாலைக்கு விரைதலே முதற்காரியம். வழியிற் கொடுப்பதே தேன்.

பெரிய கொம்பனியின் பெயரைக் கண்டால் அஞ்ச வேண்டியதில்லை என்பாரும் உளர். 2007 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மற்றெல் கொம்பனி, காந்தம் கழன்று விழக்கூடிய விளையாட்டுச் சாமான்களை உலகெங்குமிருந்து மீட்டெடுத்தது. அவற்றின் தொகை 1 கோடியே 82 இலட்சம். ஒரு காந்தம் வயிற்றிற் போனால் பெரும்பாலும் வெளியேறிவிடும். இரண்டு போனால், குடலின் இரு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள தசையை நசுக்கித் துளைத்துவிடும். அதே மாதத்தில் அக்கொம்பனி மீட்டெடுத்த வேறு சாமான்களுக்குக் காரணம் வர்ணத்திற் கலந்திருந்த ஈயம். ஈயம் பிள்ளையின் மூளையைக் குன்றச் செய்யும். தீங்கற்ற அளவென்று ஒன்று அதற்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நமது நாட்டிலும் 2011இல் விதி இயற்றி, 2013 முதல் நடைமுறைப்படுத்தினர். விளையாட்டுச் சாமானுக்குப் பூசும் வர்ணத்திற் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்கு ஈயமே இருக்கலாம் என்பது அவ்விதி. எனாமல் வர்ணத்துக்கோ 600 பங்கு வரை இடங்கொடுத்தனர்.

இங்கே நமது கரையோர மக்களுக்கு ஒரு சொல். வள்ளத்துக்குப் பூசி எஞ்சிய எனாமலை எடுத்துப் பிள்ளையின் வண்டிலுக்குப் பூசும் தகப்பன்மாரை நாம் அறிவோம். அன்பினாற் செய்வதுதான். பேணி எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு ஐயமும் பெரிது; மஞ்சளும் சிவப்புமாயின் இன்னும் பெரிது. வீச்சுவலையின் ஈயமணிகளையோ பிள்ளைகள் மாபிளாகவே உருட்டுகின்றனர். வர்ணத்தில் இருப்பது ஈயக் கலப்பு. இது முழு ஈயம். வலை காயும் முற்றத்திற் தவழும் பிள்ளையை விடாதீர்கள்.

பிளாஸ்ரிக் வருமுன் எல்லாம் நன்றாயிருந்தன, பனங்காய் வண்டிலும் ஓலைக் காற்றாடியும் போதும் என்று மேடைதோறும் பேசுவது வழக்கமாகிவிட்டது. பனங்காய் வண்டில் நமக்கும் விருப்பமானதே. ஆயினும் பழையதெல்லாம் பத்திரமானது என்று ஒப்ப முடியாது. குன்றிமணியைக் கோத்து மாலையாக்கியும் களிமண் பொம்மைக்குக் கண்ணாக்கியும் விளையாடினோம். முழுவதாக விழுங்கினால் அதன் தடித்த தோல் ஓரளவு காக்கும். கோப்பதற்காகத் துளையிட்டாலோ கடித்தாலோ கொடிய நஞ்சு வெளிப்படும். கோயிற் பூந்தோட்டத்து மஞ்சள் அலரியின் காயைப் பெண்பிள்ளைகள் சோறு கறி சமைத்து விளையாட எடுக்கின்றனர். அதன் விதை இருதயத்தையே நிறுத்தவல்லது. பூ சுவாமிக்கு இருக்கட்டும். காயைப் பறித்துப் புதைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவை வேறெந்த ஊரிலும் சொல்லத்தக்கவை. இனிச் சொல்வது நமது மண்ணுக்குரியது. 2009 மே மாதத்திற் போர் ஓய்ந்தது. அப்பொழுது பாலர் வகுப்புக்குப் போகும் வயதினராயிருந்த நாம் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கின்றோம். நாம் படித்த மிஷன் பாடசாலையின் சுவரில் இரண்டு படங்கள் அருகருகே தொங்கின. ஒன்று ஆட்டுக்குட்டியைத் தோளிற் சுமந்த நல்லாயன்; மற்றது வெடிபொருள்களின் வரிசை. இரண்டும் பிள்ளைகளைக் காப்பதற்கே என்று ஆசிரியை சொல்லுவார்.

பாகிஸ்தானிற் செய்யப்பட்ட பி-4 என்னும் மிதிவெடி சப்பாத்துப் பொலிஷ் பேணியளவே இருக்கும். உள்ளூர்த் தயாரிப்பான ஜொனியோ மரப்பெட்டியிலும் பிளாஸ்ரிக் கூட்டிலும் வந்தது. மூடியும் வட்டமும் மினுக்கமும் உள்ள எதுவும் பிள்ளையை அழைக்கும். ஆப்கானிஸ்தானத்திற் சோவியத் படையினர் போட்ட சிறகு வடிவ மிதிவெடியைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளென்று எடுத்துக் கையிழந்தனர். பிள்ளைகளை ஏமாற்றவே அவ்வாறு செய்தனர் என்று சொல்வாருமுளர். அது சரியன்று, ஆகாயத்திலிருந்து மிதந்து இறங்குவதற்கே அச்சிறகு. ஆனால் எடுத்த பிள்ளைக்கு அதனால் என்ன வேறுபாடு? 2001இல் அதே நாட்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட உணவுப் பொதியும் மஞ்சள், கொத்துக்குண்டின் குட்டிகளும் மஞ்சள். பின்னர்ப் பொதியின் நிறத்தை மாற்றினார்கள்.

மிதிவெடி அகற்றுவோர் நமது மாவட்டத்தில் ஆண்டுக்கணக்காய் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் ஆகிய நிறுவனங்களில் வேலை செய்தோருட் பலர் குடும்பத்தைத் தனியே தாங்கும் தாய்மார். 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆயினும் அகற்றி முடித்த நிலத்துக்கு அப்பாலும் காடும் களப்பும் உள்ளன. மாரி மழை மண்ணைக் கரைத்துப் புதைந்ததை வெளியே கொணர்கின்றது. குப்பை கொளுத்தும் நெருப்பு, அடியில் இருப்பதைச் சுடுகின்றது. எல்லாவற்றிலும் மோசமானது பழைய இரும்பு. பித்தளைக் கோதுக்கும் அலுமினியத் துண்டுக்கும் காசு கிடைக்கும் என்றால், ஐஸ்பழம் விரும்பும் பிள்ளை காட்டோரம் தேடாமல் இருக்குமா? பிள்ளை கொண்டுவரும் இரும்பை வாங்குவதில்லை என்று நமது ஊர் வியாபாரிகள் ஒரு கட்டுப்பாடு செய்தால், அது பத்துச் சுவரொட்டிகளுக்குச் சமம்.

பிள்ளை இத்தகைய பொருளோடு வந்து நின்றால் அதட்டுதல் ஆகாது. அதட்டினால் எறிந்துவிட்டு ஓடும், எறிதலே ஆபத்து. மெதுவாகக் கீழே வைக்கச் சொல்லி, வந்த வழியே விலகச் செய்து, மற்றப் பிள்ளைகளையும் அப்புறப்படுத்தி, கிராம அலுவலருக்கும் 119 இலக்கத்திற் பொலீசாருக்கும் அறிவியுங்கள். உதவி வரும்வரை ஒருவர் தொலைவில் நின்று காவல் செய்க. அடையாளத்துக்குத் தடி நாட்டப் போய் மிதித்தோர் உண்டாதலால், கிட்டப் போக வேண்டாம்.

வரும் வைகாசிப் பொங்கலிற் கடைத்தெருவின் தொடக்கத்தில் ஒரு மேசை போடலாம் என்று சங்கத்துக்கு விண்ணப்பிக்கின்றோம். ஒன்றேகால் அங்குல வட்டம் வெட்டிய மட்டைகள், மிதிவெடிப் படங்கள், சிறு ஆணி முடுக்கி ஒன்று, தேன் போத்தல் ஒன்று அங்கே இருக்கட்டும். மட்டை வெட்டும் வேலையை மாணவராகிய நாம் ஏற்கின்றோம். மேசைக்கு ஆள் நிற்க விரும்புவோர் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.