வீட்டுத்தோட்டத்தில் சதகுப்பை



சதகுப்பை விதையை மருந்துச் சரக்காகக் காசு கொடுத்து வாங்குகின்றோம். அச்செடியின் இலை நல்ல கறிக்கீரை என்பதையும் அறிதல் வேண்டும்.

ஆணிவேருடைய இச்செடியைப் பிடுங்கி நட்டால் வாடிவிடும். நிலையான இடத்திலேயே விதையுங்கள். மாரிமழை ஓய்ந்ததும், வெயில் படும் மேட்டுப்பாத்தியில் உக்கிய மாட்டெருவைக் கலந்து, கால் அங்குல ஆழத்தில் விதைத்து மூடுங்கள். 2 வாரத்துள் முளைக்கும். செடிகளுக்கிடையே 8 அங்குலம் இருக்குமாறு ஐதாக்குங்கள். பிடுங்கிய இளஞ்செடிகள் கறிக்காகும். 6 வாரமளவில் இலை கொய்யலாம். வெப்பம் மிகுந்தால் விரைவிற் பூத்துவிடும். ஆதலால் 3 வாரத்துக்கொருமுறை சிறிதளவாக விதைத்தல் நன்று.

பருப்புக்கறியை இறக்குந் தறுவாயில் இலையை அரிந்து இடுங்கள். நெடுநேரங் கொதித்தால் மணம் போய்விடும்.

சில செடிகளைப் பூக்க விடுங்கள். பூந்தேனை நாடிவரும் ஒருவகை ஈக்களின் புழுக்கள், அருகிலுள்ள கத்தரி, மிளகாய்ச் செடிகளின் அழுக்கணவனைத் தின்னும். ஆகவே, பூக்குங் காலத்தில் அங்கே பூச்சிநாசினி தெளித்தலாகாது.

விதை கபிலநிறமானதும் பூங்கொத்தை வெட்டித் துணிப்பையினுள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உதிரும் விதை மருந்துக்கும் மறுவிதைப்புக்கும் உதவும், கடைச்செலவும் மீதமாகும்.