பஸ் நின்றுவிடும் என்று நம்பிய கார்



2016 பிப்ரவரி 14. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், வலப்பக்கம் திரும்புவதற்காகச் சாலையோரம் ஒதுங்கியது கூகுளின் தானியங்கிக் கார் ஒன்று. ஓரத்தில், மழைநீர் வடிகாலைச் சுற்றி மணல் மூட்டைகள். கார் நின்றது; சில வண்டிகளைப் போகவிட்டு, மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. பின்னால் வந்த பேருந்தை அது கவனிக்காமல் இல்லை. ‘வேகம் குறைத்து வழிவிடும்’ என்று கணித்தது. உள்ளே இருந்த சோதனை ஓட்டுநரும் அப்படித்தான் நினைத்தார். பேருந்து வழிவிடவில்லை. கார் அதன் பக்கவாட்டில் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

கேமராவும் ரேடாரும் சாலையில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும். அடுத்த மூன்று நொடியில் அது என்ன செய்யும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். பேருந்து நிற்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மீதி இருபது? நல்ல திட்டம் அந்த இருபதுக்கும் ஒரு வழி வைத்திருக்கும். கொஞ்சம் நகர்ந்து பார்க்கும்; பேருந்து வேகம் குறைத்தால் தொடரும், குறைக்காவிட்டால் நிற்கும். நிற்க இடமில்லாத நிலைக்குத் தன்னைக் கொண்டுபோகாது.

அதற்காக எல்லாவற்றுக்கும் அஞ்சினால், நெரிசலில் எந்த வழியும் பாதுகாப்பாகத் தெரியாது. வண்டி அசையாமல் நின்றுவிடும். ஆய்வாளர்கள் இதற்கு ‘உறைந்துபோகும் ரோபோ’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் கூட்டத்தில் நடப்பது எப்படி? நாம் நகர்ந்தால் எதிரில் வருபவரும் சற்று விலகுவார் என்ற கணக்கில்தான். அந்தக் கணக்கு இயந்திரத்துக்கும் வேண்டும்.

2017-இல் இஸ்ரேலின் மொபில்ஐ நிறுவன ஆய்வாளர்கள் தானியங்கிக் கார்களுக்கான சில விதிகளைக் கணிதமாக எழுதினார்கள். அவற்றில் ஒன்று: முன்னுரிமை என்பது பிறர் தருவது, நாமாகப் பறித்துக்கொள்வதல்ல. இன்னொன்று, முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விடுவது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடி தாமதித்தால், பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடியிருக்கும்.

அந்தத் தாமதத்தை எவ்வளவு என்று வைப்பது? கூட்டி வைத்தால் இடைவெளி நீளும், போக்குவரத்து தேங்கும். குறைத்து வைத்தால் ஆபத்து கூடும். சூத்திரத்தைக் கணினி போடட்டும். எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்ற முடிவை நிறுவனத்தின் அறைக்குள் விட்டுவிடாமல், சாலையில் நடப்பவர்களும் சேர்ந்து எடுக்க வேண்டும்.